பதினெட்டு மில்லிமீற்றர்

மாப்பிள்ளை அந்தக் காரை முதன்முதலாக எங்கள் டயர் கடைக்குக் கொண்டுவந்த அன்று, காருக்கு முன்னால் அதன் சத்தம்தான் உள்ளே வந்தது. கடை வாசலில் சாய்வாகப் போட்டிருந்த சீமெந்துத் தரையில் அடிவயிறு உரசி, இரும்புப் பெட்டியை யாரோ இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு சத்தம். நான் லொறி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே ஸ்பிரிங் வெட்டின கார் என்று தெரிந்துவிட்டது. அது என் தங்கச்சி புருஷனின் கார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பதுளை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் கடை. பதினொரு வருடமாக அங்கே டயர் மாட்டுகிறேன். ஒரு டயரைத் தடவிப் பார்த்தால் அந்த வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறது, ஓட்டுகிறவன் பொறுமைசாலியா அவசரக்காரனா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமைதான் பிறகு எனக்குப் பெரிய பாரமாகிப்போனது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மாப்பிள்ளை இறங்கி, கதவை ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது போல மெதுவாகச் சாத்தினார்.

"எப்பிடி மச்சான் இருக்கு?"

"எவ்வளவு வெட்டினீங்க?"

"முன்னுக்கு ஒன்றரை சுத்து, பின்னுக்கு ஒரு சுத்து. கராஜ்ல ஒரு மெக்கானிக் பாஸ் வெட்டித் தந்தாரு. டிக்கிய தொறந்து பாருங்க."

டிக்கியில் நான்கு அலோய் ரிம், பழைய சாக்குக்குள் சுற்றி வைத்திருந்தார். பதினேழு அங்குலம். எட்டு அங்குல அகலம். யாரோ பாவித்துக் கழித்தவைதான். ஆனால் ஒவ்வொரு கம்பியையும் அவர் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருந்தார்.

மாப்பிள்ளை கட்டாரில் ஆறு வருடம் கார் கழுவினவர். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். திரும்பி வந்து ஹப்புத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய ஜப்பான் கார் ஒன்றை எப்படியோ வாங்கினார். "கட்டார்ல நான் தொடச்ச காரெல்லாம் தரையோட தரையா படுத்துக் கெடக்கும் மச்சான். ஒருத்தனும் என்னைய உள்ள ஒக்கார விட்டதில்ல" என்று அன்று சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் கடுமையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

டயரின் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்க உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் அளவு, அங்குலத்தில். அவருடைய காருக்குக் கம்பனி கொடுத்தது 185/65/15. தரையிலிருந்து உச்சி வரை அறுபத்திரண்டு சென்டிமீற்றருக்கு ஒரு மயிரிழை மேலே. ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கத்தைக் குறைத்து மொத்த உயரம் மாறாமல் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குல ரிம்முக்குப் பொருந்தி, உயரமும் கிட்டத்தட்ட அதேயாக வருவது 215/45/17. நான்கு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். சரியான கணக்கு. அதையே மாட்டினேன்.

மாட்டி முடித்து, டயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில் கையை விட்டேன். இரண்டு விரல் போனது. பிறகு கடையில் நின்ற மூன்று பேரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி மறுபடி விட்டேன். நகம்தான் போனது.

"மாப்ள, இது ஒரசும். பழைய ஸ்பிரிங்கையே போட்டுருங்க."

அவர் காரைச் சுற்றி வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். சிரித்தார். "ஒரசினா பாத்துக்கலாம் மச்சான். இப்பத்தானே கார் மாதிரி இருக்கு."

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்கப் போனேன். ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாப்பிள்ளை காரோடு காத்திருந்தார். கோயிலுக்கு வந்திருந்த தங்கச்சியும், மூன்று வயது மகளும், மாப்பிள்ளையின் அம்மாவான அத்தையும் பின்னால் உட்கார்ந்தார்கள். அத்தைக்கு ஒரு முழங்கால் மடங்காது. அதை நீட்டிக்கொண்டு சரிந்துதான் உட்காருவார்.

முதல் வளைவிலேயே அது கேட்டது. சர்ர்ர் என்று, பின் இடது பக்கத்திலிருந்து. வளைவு நிமிர்ந்ததும் நின்றது. அடுத்த வளைவில் வலது பக்கம். அந்த ரோட்டில் நேராக ஐம்பது அடி கிடையாது. சத்தம் இடமும் வலமுமாக எங்களோடு கூடவே இறங்கி வந்தது. கண்ணாடியை மூடியிருந்தும் ரப்பர் கருகுகிற வாசம் உள்ளே வந்தது.  பிள்ளை மட்டும் ஒவ்வொரு வளைவிலும் "சர்ர்ர்" என்று கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

லயத்து முற்றத்தில் கார் நின்றதும் நான் மண்டியிட்டுப் பின் டயரின் மேல் விளிம்பைத் தடவினேன். கொதித்தது. டயர் பக்கவாட்டுக்கு மடங்குகிற வெளித்தோளில் வட்டமாக ஒரு கோடு கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. ஓரிடத்தில் ரப்பர் போய் நூல் தெரிந்தது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு மட்கார்ட் அதை மறைத்துவிடும். மினுமினுக்கிற ரிம்தான் தெரியும்.

எழுந்தபோது தங்கச்சி, "அண்ணே, இங்க வந்து இதையும் பாருங்க" என்று என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனாள்.

அவர்களுடையது லயத்தின் கடைசிக் காம்பரா; ஓர் அறையும் ஒரு குசினியும். குசினிச் சுவர் மலைப்பக்கம். அடுப்புக்கு மேலே கூரையிலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு. பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு வைத்திருந்தாள்.

"ஆடி மாசம் நெருப்புக்குச்சி போவல. போன மாசம் குச்சி போச்சு. இப்ப வெரல் போவுது."

"யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"வந்து பாத்துட்டுப் போனாங்க அண்ணே. பெரிய மழ பேஞ்சா இங்க இருக்க வேணாம், கீழ ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு சொன்னாங்க."

நான் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மட்கார்ட்டுக்குள் விட்ட அதே விரல். மண்சரிவில் லயங்களே புதைந்துபோன மீரியபெத்தை எங்களுக்குத் தூரம் இல்லை. அந்தப் பக்கத்துச் சனம் மலையைப் பார்க்கிற பார்வையே அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமே தவிர, எழுந்து போக இடம் வேண்டுமே.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை மறுபடி கடைக்கு வந்தார். டயர் நான்கும் அப்படியே தோள் தேய்ந்திருந்தன. ஒன்று ஓட்டவே கூடாத நிலையில்.

"ஒரசாத மாதிரி ஒரு சைஸ் சொல்லுங்க மச்சான்."

"ஸ்பிரிங்க மாத்துங்க மாப்ள. வேற வழி கெடையாது."

"அத விட்டுட்டுச் சொல்லுங்க. டயர்ல ஒரு வழியும் இல்லையா?"

இருந்தது. அதுதான் பிரச்சினை. 195/40/17. இருபது மில்லிமீற்றர் ஒல்லி. உயரமும் குறைவு. எட்டு அங்குல ரிம்முக்கு அது போதாது. ஆனால் சோப்புத் தண்ணீர் பூசி, காற்றை ஒரே அடியாக அடித்து இழுத்து உட்காரவைக்கலாம். டயரின் பக்கம் உள்ளே சாய்ந்து, ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். கார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தத் தோற்றம்தான் பிடிக்கும். எங்கள் முதலாளி சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார்.

"நம்ம கடையில் இழுத்துப் போட மாட்டோம். பள்ளத்தில் விழுந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நான் சொல்லிவிட்டேன்."

அதற்கடுத்த ஞாயிறு கடை பூட்டு. சாவி என்னிடம் இருந்தது. நான்தான் மாட்டினேன். ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். தங்கச்சி கருகல் வாசத்தோடு பயணம் செய்ய வேண்டாமே என்று நினைத்தேன் என்பது ஒரு பதில். பொய் இல்லை. ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது. முடியாது என்று மற்றவர்கள் சொல்வதை என் கையால் முடித்துக் காட்டுகிற ஆசை எனக்கும் இருந்தது. காற்று ஏறி டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் வந்தது. டயருக்கு இரண்டு பக்கம், நான்கு டயருக்கு எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை கைதட்டினார்.

கணக்கையும் நான் போட்டுத்தான் வைத்திருந்தேன். முந்தைய டயரை விட இது உயரத்தில் முப்பத்தேழு மில்லிமீற்றர் குறைவு. அதில் பாதி, பதினெட்டுச் சொச்சம், மட்கார்ட்டுக்குக் கீழே இடைவெளியாகக் கிடைக்கும். அதே பதினெட்டு மில்லிமீற்றர் காரின் வயிறு தரைப்பக்கம் இறங்கும். ஒரு பெருவிரல் தடிமன். முதல் பாதியை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இப்ப ஒரசாது" என்றேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தங்கச்சி போன் பண்ணினாள்.

"இப்ப ஒரசல அண்ணே. ஆனா கீழ இடிக்குது."

"எங்க?"

"மதகுல."

லயத்திலிருந்து கீழே பள்ளிக்கூடத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் போகிற தோட்டத்து ரோட்டில் ஓர் ஓடை குறுக்கே வரும். அதன் மேல் ஒரு சின்ன மதகு. கல் வைத்துக் கட்டிய பழைய மதகு. ரோடு அந்த இடத்தில் குழிந்து ஏறும். அங்கே வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்களாம். அத்தையையும் கையைப் பிடித்து இறக்குவார்களாம். வெறும் காரை மாப்பிள்ளை கோணலாக ஓட்டி மதகைக் கடத்துவார். பிறகு அந்தப் பக்கம் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள்.

"பழகிருச்சு அண்ணே" என்று தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அந்த வருடக் கடைசியில் மழை தொடங்கி நாலு நாள் விடவே இல்லை. ஐந்தாம் நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. கடை பூட்டு. தங்கச்சியையும் பிள்ளையையும் மழை விடும்வரை பதுளைக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று காலையில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மலைகள் தெரியவில்லை. ரோட்டோரக் கால்வாய்களில் டீ போலச் செம்மண் தண்ணீர் ஓடியது. பெரகலைக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் விழுந்திருந்த மண்ணை ஒதுக்கி, வண்டிகளை ஒரு பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.  டிரைவர் பாட்டைக்கூடப் போடவில்லை.

லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் நேராகக் குசினிக்குப் போனேன். வெடிப்பில் இப்போது கையே போகும். பென்சில் கோடுகள் இருந்த பக்கச் சுவர் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. கதவு சட்டத்தில் இறுகி, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றது. முற்றத்து நாய்கள் ஒன்றுகூட வாசலில் இல்லை. எல்லாம் கீழே ரோட்டுப் பக்கம் போய் மழையில் நனைந்துகொண்டு நின்றன.

ரெண்டு மணி இருக்கும். கோயில் ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கங்காணியின் குரல்.

"எல்லாரும் எறங்குங்க. சாமான் பாக்க வேணாம். ஸ்கூலுக்குப் போங்க. மேல் லயத்து ஆளுகள ட்ராக்டர் ஏத்திக்கிட்டு வருது."

நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அத்தைய ட்ராக்டர்ல ஏத்துவோம். நாம பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்துருவோம்."

அவர் அம்மாவைக் கையில் தாங்கி ஏற்கெனவே காரில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். "இந்தக் கார வாங்கினதே இந்த மாதிரி நாளைக்குத்தான் மச்சான். அம்மாவ மழையில நனைய விடவா? ஏறுங்க."

நான் ஏறினேன். ஐந்து பேர், இரண்டு துணி மூட்டை, ஒரு அரிசிச் சாக்கு. கார் உட்கார்ந்தது எனக்கு முதுகில் தெரிந்தது.

மதகு வரை கால் மைல். மேட்டுப் பக்க மண்சுவரிலிருந்து பல இடங்களில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. துடைப்பான் துடைக்கத் துடைக்க கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மதகு வந்தது. எப்போதும் இறங்குகிற இடம். அன்று ஒருவரும் இறங்குவோம் என்று சொல்லவில்லை. அந்த மழையில், அந்த முழங்காலோடு, அத்தையை இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. பதினெட்டு மில்லிமீற்றர் என்று எனக்குள் ஒன்று சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை.

முன் இடது சில்லு இறங்கின இடத்தில் ரோடு இல்லை. தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு இடி. அதோடு கார் முழுவதும் ஒரு முறை முனகியது. இன்ஜின் நின்றது. நான் கதவைத் தள்ளி இறங்கிப் பார்த்தேன். மதகின் விளிம்புக் கல் மேல் காரின் வயிறு உட்கார்ந்திருந்தது. இடது சில்லு பள்ளத்துக்கு மேல் தொங்கியது. முதலாளி சொன்னபடியே டயர் ரிம்மை விட்டு ஒரு பக்கம் கழன்று, செருப்பு மாதிரி கிடந்தது. அடியிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்து தண்ணீரோடு போனது.

தங்கச்சி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். நானும் மாப்பிள்ளையும் அத்தையைத் தூக்கி மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார வைத்தோம். திரும்பியபோது ட்ராக்டர் வந்துவிட்டது. பின் பெட்டியில் தார்ப்பாய்க்குக் கீழே முப்பது பேராவது இருப்பார்கள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், டயலிசிஸ் செய்துவந்து படுக்கையிலிருந்த ஒருவர். ட்ராக்டர் டிரைவர் வயசாளி. ஹார்ன் அடிக்கவில்லை. காரைப் பார்த்தார், ரோட்டின் அகலத்தைப் பார்த்தார். மேட்டுப் பக்கம் மண்சுவர், கீழ்ப்பக்கம் தேயிலை இறக்கம். நடுவில் எங்கள் கார்.

பெட்டியிலிருந்து இளைஞர்கள் குதித்து வந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். கார் ஒரு அங்குலம் எழும்பி மறுபடி கல் மேல் உட்கார்ந்தது. இன்னொரு தரம் தூக்கினோம். அப்போதுதான் ட்ராக்டர் டிரைவர் இறங்கி வந்து மதகுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"தண்ணி நின்னுருச்சு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. நானும் எட்டிப் பார்த்தேன். சற்று முன் வரை மதகை முட்டி ஓடிய ஓடை, ஒரு சாண் அகலத்துக்குச் சேறாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"மேல எங்கயோ மண்ணு விழுந்து அடைச்சிருக்கு தம்பி. அது ஒடையப் போவுது. பொட்டிச் சனம் எல்லாம் எறங்கி நடக்க நேரமில்ல. கார எடுங்க."

"தூக்க முடியலண்ணே!" என்று ஒருவன் கத்தினான்.

எல்லோரும் ஒரு கணம் மாப்பிள்ளையைப் பார்த்தோம். என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.  அவர் காரின் கூரை மேல் ஒரு கை வைத்திருந்தார். மழைத் தண்ணீர் அவருடைய விரல்களுக்கு நடுவே ஓடியது. பிறகு அவரே மேட்டுப் பக்கமாக வந்து, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்தார்.

"தூக்க வேணாம். சாச்சு விடுங்க. தள்ளுங்கடா."

தள்ளினோம். வெட்டின ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. கல்லில் வயிறு தேய்ந்தது. கீழ்ப்பக்கச் சில்லுகள் ரோட்டை விட்டு இறங்கியதும் கார் தானாகவே போகத் தொடங்கியது. தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒரு தரம் புரண்டு, அறுபது எழுபது அடி கீழே போய்ச் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. ட்ராக்டருக்குக் கை காட்டினார். "வாங்க! வாங்க! வலது பக்கம் ஒட்டி வாங்க!"

ட்ராக்டர் மதகில் ஏறியபோது கற்கள் அசைந்ததை நான் பார்த்தேன். பெட்டி கடந்துவிட்டது. தங்கச்சியையும் பிள்ளையையும் அத்தையையும் கைகள் மேலே இழுத்துக்கொண்டன. ஆண்கள் பின்னால் ஓடினோம். இருநூறு யார் போயிருக்க மாட்டோம். பின்னால் முதலில் சத்தம் இல்லை, வாசம்தான் வந்தது. புதிதாக வெட்டின மண்ணின் வாசமும் பச்சை மரம் பிளந்த வாசமும். பிறகுதான் சத்தம். பத்து லொறி கல்லை ஒரே நேரத்தில் கொட்டினால் எப்படியோ அப்படி. அது ஓயாமல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது மதகு இருந்த இடத்தில் ஒரு சிவப்புச் சேற்று ஆறு சுவர் போல நின்றபடி நகர்ந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதி எண்ணினார்கள். எங்கள் ரோட்டில் வந்தவர்களில் ஒருவரும் குறையவில்லை. குறுக்குப் பாதையால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு குடும்பங்கள் சாயங்காலம் வந்து சேரும்வரை தங்கச்சி வாசலை விட்டு நகரவில்லை. லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் போய்விட்டன என்று பிறகு செய்தி வந்தது. கடைசிக் காம்பரா அவர்களுடையது.

அன்று மாப்பிள்ளை வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

"மாப்ள, அந்த டயரப் போட்டா கார் இன்னும் எறங்கும்னு எனக்குத் தெரியும். ஒங்ககிட்ட நான் சொல்லல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எவ்வளவு?"

"பதினெட்டு மில்லிமீற்றர்."

பெருவிரலை நீட்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன் மச்சான்" என்றார். பிறகு, "ஆனா நீங்க சொல்லியிருக்கணும்" என்றார்.  நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடவில்லை. அந்த இரண்டு வாக்கியமும் சரிதான்.

மழை விட்டு ரெண்டு வாரத்துக்குப் பிறகு முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, அதை என் மேசை மேல் மறுபடி வைத்தார். கார் இன்னும் தேயிலைக்குள் கிடக்கிறது. கண்ணாடி வரைக்கும் மண் இறுகிவிட்டது. தோண்டி எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டானாம். வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

வேறு இடம் கிடைக்கும்வரை என்று அவர்களுக்கு அதே லயத்தின் மறு முனையில் காம்பரா ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பதுளைக்கு வந்து என்னோடு இருங்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு ஹப்புத்தளையில் வேலை, அத்தைக்கு அந்த மலையை விட்டால் வேறு ஊர் தெரியாது. வரவில்லை. மதகைப் புதிதாக, உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். நல்ல மதகுதான், நான் போய்ப் பார்த்தேன்.

போன வாரம் மறுபடி மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை மாலை தங்கச்சிக்கு போன் எடுத்தேன். பிள்ளைக்குச் சளி, அரிசி விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று வேறு ஏதேதோ பேசினாள். நான் கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

"புதுக் காம்பரா செவரு எப்பிடி இருக்கு?" என்றேன்.

 தங்கச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவருக்கு இன்னும் சொல்லல அண்ணே. நெருப்புக்குச்சி போவுது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். புதுச் சுவரிலும் வெடிப்பு என்று மாப்பிள்ளையிடம் நானே சொன்னேன்; அன்றே மூட்டை கட்டினார். இப்போது ஐந்து பேரும் பதுளையில், என் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். அத்தை ஜன்னலோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, எந்தப் பக்கம் மலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மழை இன்னும் விடவில்லை.